கம்ரி மொழியும் இலண்டன் பிடியும்



'வேல்சு' என்று உலகம் அழைக்கின்ற நாட்டின் பெயர், அந்நாட்டு மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று. ஆங்கிலேயரின் முன்னோராகிய செருமானியக் குடியினர் கடல் கடந்து பிரித்தானியத் தீவிற்குள் புகுந்த காலத்தில், அங்கு அவர்கட்கு முன்பே வாழ்ந்திருந்த மண்ணின் மக்களைச் சுட்டிய சொல் அது. அதற்கு 'அயலான்' என்று பொருள். வந்து புகுந்தவன் வீட்டுக்காரனைப் பார்த்து அயலான் என்றான்; அப்பெயரே நிலப்படத்தில் நிலைத்தும் போயிற்று! அம்மக்களோ தம்மைக் 'கம்ரி' என்றே அழைத்துக் கொள்கின்றனர். 'ஒரே நாட்டார்' என்பது அதன் பொருள். நாட்டின் பெயரும் ஒலியளவில் அதுவே. மொழியின் பெயர் 'கம்ராய்க்'. தம்மைத் தாம் அழைத்துக்கொள்ளும் பெயரால் பிறர் அழைக்கவேண்டும் என்று வேண்டும் உரிமை ஒவ்வோர் இனத்திற்கும் உண்டாகலின், இவ்வுரையிலும் அந்நாடு கம்ரி என்றே குறிக்கப்பெறும்.

பிரித்தானிய அரசியல் என்றவுடன் இங்குள்ள நாளிதழ்கள் எழுதுவதெல்லாம், இலண்டனில் எவர் நாற்காலி கவிழ்ந்தது, எவர் நாற்காலி நிமிர்ந்தது என்பதையே. 2016 முதல் 2024 வரை அந்நாட்டின் தலைமையமைச்சர் இருக்கையில் ஆறு பேர் மாறி மாறி அமர்ந்தனர். 2024 சூலைத் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு வாக்கை மட்டும் பெற்ற தொழிற்கட்சி, 650 இடங்களில் 400க்கும் மேற்பட்டவற்றைக் கைப்பற்றியது. 'மக்களாட்சியின் தாய்' என்று தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளும் நாடாளுமன்றத்தின் கணக்கு இவ்வாறு இருக்கின்றது. ஆனால் மொழியினங்களின் விடுதலை பற்றி எண்ணுவோர் அங்குப் பார்க்க வேண்டியது நாற்காலிக் கதையையன்று. ஒரே முடியின் கீழ் கட்டப்பட்டிருக்கும் நான்கு நாடுகளுள், பெரியது எது கொடுத்தது, எது கொடுக்க மறுத்தது, கொடுத்ததும் எதன் பின்னர்க் கொடுத்தது என்னும் கணக்கையே பார்த்தல் வேண்டும். அக்கணக்கு கம்ரி நாட்டில் தெளிவாகத் தெரிகின்றது.

1536ஆம் ஆண்டில் எட்டாம் என்றி மன்னன் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம் கம்ரியை இங்கிலாந்தோடு முற்றாக இணைத்தது. ஆங்கிலம் பேசிப் பயன்படுத்தாதவன் கம்ரி நாட்டில் எந்த அரசுப் பணியிலும் இருத்தல் கூடாது, அதற்குரிய ஊதியமும் பெறுதல் கூடாது என்று அச்சட்டம் கூறிற்று. அன்று அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. தன் நாட்டில் தன் மொழியை மட்டும் அறிந்தவன் தகுதியற்றவன் ஆனான். செல்வரும் நிலக்கிழாரும் பிள்ளைகளை ஆங்கிலத்திற்கு அனுப்பினர். ஏழையின் வாயில் மட்டும் தாய்மொழி தங்கிற்று. 1746இல் இன்னொரு சட்டம் வந்தது. சட்டங்களில் 'இங்கிலாந்து' என்று எங்கு எழுதப்பட்டிருப்பினும் அதில் கம்ரியும் அடங்கியதாகவே கொள்ளல் வேண்டும் என்று அது விதித்தது. பெயரைச் சொல்லவேண்டிய தேவையும் ஒழிந்தது! 1967 வரை அவ்விதி நீங்கவில்லை.

இவற்றினிடையே ஒரு வியப்பும் நிகழ்ந்தது. 1563இல் விவிலியத்தைக் கம்ரி மொழியில் பெயர்க்குமாறு நாடாளுமன்றம் சட்டம் செய்தது. மொழியன்பால் செய்ததன்று. கோயில்தோறும் ஆங்கில நூலையும் அருகில் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு மக்கள் ஆங்கிலம் கற்கட்டும் என்பதே அச்சட்டத்தின் கருத்து. 1588இல் வில்லியம் மார்கன் என்னும் அறிஞர் முழு விவிலியத்தையும் செப்பமான கம்ரி நடையில் வெளியிட்டார். நடந்தது என்ன? மக்கள் ஆங்கிலத்தைத் தொடவில்லை. தம் மொழியில் எழுத்தறிவு பெற்றனர். ஊருக்கு ஊர் வேறுபட்டுச் சிதறிப் போயிருக்கக்கூடிய மொழிக்கு ஒரு பொதுநடை கிடைத்தது. கொல்ல வைத்த மருந்தே உயிர் காத்தது என்க.

1846இல் இலண்டன் அரசு கம்ரி நாட்டுப் பள்ளிகளை ஆராய மூவரை அனுப்பியது. மூவரும் ஆங்கிலேயர், மூவருக்கும் கம்ரி மொழி தெரியாது. 1847இல் வெளிவந்த அவர்களின் அறிக்கை, அம்மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் அவர்தம் மொழியே அடிப்படை என்று பழி சுமத்தியது. நீல அட்டையிட்ட அவ்வறிக்கையைக் கம்ரி மக்கள் இன்றளவும் 'நீல நூல்களின் இரண்டகம்' என்றே குறிக்கின்றனர். பன்னிரண்டு ஆண்டுகட்கு முன், 1835இல், இந்தியாவின் கல்வி பற்றி மெக்காலே எழுதிய குறிப்பையும் இதனையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு, இரண்டும் ஒரே மையில் தோய்ந்த எழுதுகோல்கள் என்பது விளங்கும். அந்நூற்றாண்டில் அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவர். வேறொரு பிள்ளை அவ்வாறே பேசினால் மரத்துண்டு அதன் கழுத்திற்கு மாறும். மாலையில் பள்ளி முடியும்பொழுது எவன் கழுத்தில் அஃது இருக்கின்றதோ அவனுக்கு அடி. பிள்ளையைக் கொண்டே பிள்ளையைக் காட்டிக் கொடுக்கச் செய்த முறை இது. இதில் இன்னும் நெஞ்சைச் சுடுவது, இதற்குப் பெற்றோர் பலரும் இசைந்தனர் என்பது. ஆங்கிலம் வந்தால்தான் பிழைப்பு என்று அவர்களை நம்பவைத்தாயிற்று. சட்டம் முந்நூறு ஆண்டுகளில் செய்யாததை அந்நம்பிக்கை மூன்று தலைமுறையில் செய்தது.

1911 கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 43.5 பேர் கம்ரி பேசினர். 1961இல் அது 26 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியின் நடுவில்தான் போராட்டம் பிறந்தது.

1936இல் இலீன் மூவலந்தீவில் பெனிபெர்த் என்னும் பழம்பெரும் வளமனையை இடித்து, அங்குக் குண்டுவீச்சுப் பயிற்சிக் களம் அமைக்க இலண்டன் முனைந்தது. இங்கிலாந்தில் முன்பு பார்த்த இடங்களை அங்குள்ளோர் எதிர்த்தவுடன் கைவிட்ட அரசு, கம்ரி மக்களின் எதிர்ப்பைச் செவிமடுக்கவில்லை. ஆசிரியரும் நாடக எழுத்தாளருமான சாண்டர்சு லூயிசு, சமயப்பணியாளர் லூயிசு வாலண்டைன், பள்ளியாசிரியர் டி.சே. வில்லியம்சு ஆகிய மூவரும் அங்கிருந்த கட்டடப் பொருள்களுக்குத் தீ வைத்துவிட்டுத் தாமே காவல் நிலையம் சென்று ஒப்புக்கொண்டனர். கேர்நார்வன் நகரின் நடுவர் குழு அவர்களைக் குற்றவாளிகள் என்று ஒருமித்துக் கூற மறுத்தது. உடனே வழக்கு இலண்டனுக்கு மாற்றப்பட்டது. அங்கு ஒன்பது திங்கள் சிறை கிடைத்தது. உள்ளூர்க் குழு விடுவிக்கக்கூடும் என்றால் வேற்றூரில் வைத்து ஒறுப்பது எந்த நாட்டு நயன்மையோ!

ஆயினும் தீ வைத்த வீரத்தைவிடப் பெரிய வீரம் ஒன்று, இலாங்கென்னெக் என்னும் சிற்றூரில் ஓர் எளிய குடும்பத்தால் நிகழ்த்தப்பட்டது. திரெவர் பீசுலி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அவர் மனைவி எலீன் ஆசிரியர். 1952இல் ஊராட்சி மன்றத்திலிருந்து அவர்கட்கு வீட்டுவரி கேட்டு ஓர் ஓலை வந்தது. அஃது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. ஊரார் பேசுவது கம்ரி. மன்றத்து உறுப்பினர் பேசுவது கம்ரி. பணியாளர் பேசுவதும் கம்ரி. ஓலை மட்டும் ஏன் ஆங்கிலத்தில்? கம்ரியில் எழுதி அனுப்பினால் வரி கட்டுகிறோம் என்று அவர்கள் கூறினர். மன்றம் மறுத்தது. பத்துக்கும் மேற்பட்ட முறை அவர்கள் முறைமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். கட்டாத வரிக்காக வீட்டுப் பொருள்களை ஏவலர் வந்து அள்ளிச் சென்றனர். சிறு குழந்தைகள் இருந்த வீடு அது. எட்டாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1960இல் இருமொழியிலும் அச்சிட்ட வரியோலை அவ்வீட்டுக்கு வந்தது, வரி கட்டப்பட்டது. மேடையில்லை, கொடியில்லை, கட்சியின் படை பின்னே இல்லை. ஒரு தாள், அதன் மொழி, அதற்காக எட்டாண்டு. தம் பெயரைத் தமிழில் கையொப்பமிடவும் கூசுகின்ற தமிழர் இச்செய்தியை இருமுறை படித்தல் நன்று.

1962 பிப்ரவரி 13ஆம் நாள் சாண்டர்சு லூயிசு வானொலியில் ஓர் உரை நிகழ்த்தினார். 'மொழியின் ஊழ்' என்பது அதன் தலைப்பு. இந்நிலை தொடர்ந்தால் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்ரி மொழி வாழும் மொழியாக இராது என்று அவர் எச்சரித்தார். பீசுலி குடும்பத்தின் போராட்டத்தை எடுத்துக்காட்டி, கம்ரி மொழியின்றி ஊராட்சியும் அரசாட்சியும் நடவாதபடி செய்யுங்கள் என்றார். அவ்வுரையில் பலரையும் திடுக்கிடச் செய்த கருத்து ஒன்று இருந்தது. தன்னாட்சியைவிட மொழி முதன்மையானது. மொழி ஆட்சியில் அமரும் முன்னர்த் தன்னாட்சி வந்தால், ஆங்கிலம் பழகிய உள்ளூர் ஆள்வோர் கையில் மொழி இன்னும் விரைந்து மாயும் என்பது அவர் துணிபு. தாம் தோற்றுவித்த கட்சியின் முதற் கொள்கையையே அவர் இவ்வாறு புரட்டிப் போட்டார். இது சரியா, பிழையா என்பது இன்றும் அந்நாட்டில் முடியாத வழக்கு. தன்னாட்சி இல்லாத இடத்தில் மொழிக்குப் பள்ளி கட்டப் பணமில்லை. மொழிப்பற்று இல்லாதவர் கையில் சிக்கிய தன்னாட்சியோ வெறும் பதவிப் பந்தி. ஆயினும் லூயிசு கூறியதில் மறுக்கவொண்ணாத பகுதி ஒன்றுண்டு. பதவிக்கு வருவோர் மொழியைக் காப்பர் என்று மக்கள் கைகட்டி இருத்தல் கூடாது என்பதே அது.

அவ்வாண்டே கம்ரி மொழிக் கழகம் தோன்றியது. 1963 பிப்ரவரியில் அபெரிசுத்துவித் நகரின் திரெவெகான் பாலத்தில் மாணவர் அமர்ந்து வழிமறித்தனர். ஆங்கிலத்தில் மட்டும் இருந்த ஊர்ப் பலகைகளை இளைஞர் மை பூசி அழித்தனர்; பிடுங்கிக் கொணர்ந்தனர். நூற்றுக்கணக்கானோர் முறைமன்றம் ஏறினர். பலர் சிறை சென்றனர். உயிர்க்கு ஊறு செய்யாமை என்பதைக் கழகம் தன் நெறியாகக் கொண்டிருந்தது. 1967இல் இலண்டன் ஒரு மொழிச் சட்டம் தந்தது. பிச்சையிலும் பாதிப் பிச்சை அது. வழக்குமன்றில் கம்ரி பேசலாம் என்றது. ஆட்சியில் அதனைக் கட்டாயமாக்கவில்லை.

இதற்கிடையே நிகழ்ந்த இரண்டு கொடுமைகளை விரித்துக் கூறியே ஆகவேண்டும்.

திரவெரின் பள்ளத்தாக்கில் காபெல் கெலின் என்று ஓர் ஊர். ஆங்கிலம் அறவே கலவாத கம்ரி ஊர்களுள் ஒன்று. இங்கிலாந்தின் இலிவர்பூல் நகராட்சி, தன் நகருக்கும் ஆலைகளுக்கும் நீர் தேக்க அப்பள்ளத்தாக்கை மூழ்கடிக்க எண்ணிற்று. கம்ரி நாட்டு ஊராட்சிகளின் இசைவு பெறவேண்டாதபடி நேரே இலண்டன் நாடாளுமன்றம் சென்று 1957இல் தனிச்சட்டம் பெற்றது. கம்ரி நாட்டு உறுப்பினர் 36 பேருள் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஒருவர்கூட இல்லை! ஆயினும் சட்டம் நிறைவேறிற்று. பள்ளியும், அஞ்சல் நிலையமும், கோயிலும், இடுகாடும், வீடுகளும் நீருக்கடியில் போயின. 1965 அக்டோபர் 21ஆம் நாள் அணையின் திறப்புவிழா எதிர்ப்பு முழக்கத்தினிடையே நடந்தது. இலிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது 2005இல். நாற்பது ஆண்டு நீரில் ஊறிய பின் வந்த மன்னிப்பு! 'திரவெரினை மறவாதீர்' என்று சுவரில் எழுதிய சொற்கள் இன்றும் அந்நாட்டில் ஊர்தோறும் காணப்படுகின்றன.

திறப்புவிழா நடந்து சரியாக ஓராண்டு. 1966 அக்டோபர் 21ஆம் நாள் காலை. அபர்வான் என்னும் சுரங்க ஊர். நிலக்கரி வாரியம் மலைமேல், நீரூற்றின் மீதே கொட்டிக் குவித்திருந்த கழிவு சரிந்து இறங்கிப் பள்ளியை மூடிற்று. 116 குழந்தைகளும் 28 பெரியோரும் மாண்டனர். அக்குவியல் பற்றி ஊரார் முன்பே முறையிட்டிருந்தனர். ஆய்வுக்குழு வாரியத்தையே குற்றம் கூறிற்று. ஒருவரும் பதவி இழக்கவில்லை, ஒருவரும் ஒறுக்கப்படவில்லை. எஞ்சிய குவியல்களை அகற்றுங்கள் என்று பெற்றோர் மன்றாடியபொழுது, அன்றிருந்த தொழிற்கட்சி அரசு என் செய்தது தெரியுமா? பிள்ளைகளை இழந்தோர்க்கென உலகோர் கொடுத்த நன்கொடைத் தொகையிலிருந்தே 1,50,000 பவுனை அச்செலவுக்கு எடுத்துக்கொண்டது. 1997இல் அத்தொகை திருப்பித் தரப்பட்டது. வட்டியில்லை, முப்பதாண்டு விலையேற்றமும் சேர்க்கப்படவில்லை. 2007இல் கம்ரி நாட்டின் சொந்த அரசுதான் 15 இலக்கம் பவுனுக்கு மேல் கொடுத்து அக்குறையை நீக்கியது. தன் நாட்டுக்கென ஓர் அரசு இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர், வேறு நூல் தேடவேண்டா.

1966 சூலையில் கார்மார்தன் இடைத்தேர்தலில் பிளைடு கம்ரி கட்சித் தலைவர் குவின்வோர் எவான்சு வென்று, அக்கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். ஆனால் 1979இல் தன்னாட்சி மன்றம் வேண்டுமா என்று கேட்டபொழுது, ஐவரில் நால்வர் வேண்டா என்று வாக்களித்தனர். அடிமைப்பட்ட இனம் தன் கையாலேயே தன் கதவைச் சாத்திக்கொண்ட நாள் அது. மனம் உடைந்திருந்த இயக்கத்தின் மீது இலண்டன் அடுத்த அடியை இறக்கியது. கம்ரி மொழிக்குத் தனித் தொலைக்காட்சி அமைப்பதாகத் தேர்தலில் உறுதி கூறிய தாட்சர் அம்மையாரின் அரசு, ஆட்சிக்கு வந்ததும் கை விரித்தது. ஈராயிரம் பேருக்குமேல் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்ட மறுத்தனர். 1980 மே திங்களில், அப்பொழுது 67 அகவையினரான எவான்சு ஓர் அறிவிப்புச் செய்தார்: அக்டோபர் 6ஆம் நாளிலிருந்து சாகும்வரை உண்ணாநோன்பு. அவர் மெல்லிய குரலில் பேசும் அறநெறியாளர். சொன்னால் செய்து முடிப்பவர் என்பதை எதிரியும் அறிவர். ஊர் ஊராகச் சென்று கூட்டங்களில் பேசினார். அவர் இறந்தால் கம்ரி நாட்டில் என்ன நிகழும் என்று இலண்டன் கணக்குப் போட்டது. செப்டம்பர் 17ஆம் நாள் பணிந்தது. தாம் திரும்புகின்றவர் அல்லர் என்று தாட்சர் அம்மையார் கட்சி மாநாட்டில் முழங்கியது அக்டோபர் 10ஆம் நாள். திரும்பி மூன்று கிழமை கடந்திருந்தது! 1982 நவம்பர் முதல் நாள் 'எசு-4-சி' என்னும் கம்ரி மொழித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது.

மனப்போக்கு மெல்ல மாறியது. 1939இல் அபெரிசுத்துவித்தில் ஏழே பிள்ளைகளோடு தொடங்கிய கம்ரி வழிப் பள்ளி, நாடெங்கும் பள்ளிகளாகப் பெருகிற்று. 1971 முதல் மழலையர் பள்ளி இயக்கம் ஒன்று, ஆங்கிலமே பேசும் வீட்டுக் குழந்தைகட்கும் கம்ரியை ஊட்டியது. 1997 செப்டம்பர் 18ஆம் நாள் மீண்டும் கேட்கப்பட்டபொழுது, 6,721 வாக்கு மிகுதியில் தன்னாட்சி மன்றம் வென்றது, 50.3 விழுக்காடு. மயிரிழை வெற்றிதான். ஆனால் 2011இல் சட்டம் இயற்றும் உரிமை கேட்டபொழுது 63.5 விழுக்காட்டினர் ஆம் என்றனர். பயிற்சி இல்லாதவன் அஞ்சுவான். ஆண்டு பார்த்தவன் இன்னும் கேட்பான். அவ்வாண்டுச் சட்டத்தால் கம்ரி அந்நாட்டின் ஆட்சிமொழி ஆனது. மொழியாணையர் ஒருவர் அமர்த்தப்பட்டார். 2020இல் மன்றம் 'செனெத்' என்னும் கம்ரிப் பெயரைத் தாங்கியது. 2024 சட்டம் அதன் உறுப்பினர் தொகையை 60இலிருந்து 96 ஆக்கியது.

எனின், இலண்டன் இன்னும் தன் பிடியில் வைத்திருப்பவை எவை? காவல்துறை, முறைமன்றங்கள், ஒலி ஒளிபரப்பு, வரியின் பெரும்பகுதி, கம்ரி நாட்டுக் கடற்படுகையிலிருந்து வரும் முடியுடைமை வருவாய். சுகாட்லாந்தின் கடற்படுகை 2017 முதல் சுகாட்லாந்தின் ஆளுகையில் இருக்கின்றது. கம்ரிக்கு அது மறுக்கப்படுகின்றது. இலண்டனிலிருந்து பர்மிங்காம் செல்ல ஒரு விரைவுத் தொடர்வண்டித் தடம் போடுகின்றனர். கம்ரி மண்ணில் அதன் தண்டவாளம் ஒரு முழமும் இல்லை. ஆயினும் அஃது 'இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய திட்டம்' என்று எழுதப்பட்டது. சுகாட்லாந்தும் வட அயர்லாந்தும் அச்செலவுக்கு ஈடான பங்கைப் பெற, கம்ரிக்கு இல்லை என்றாயிற்று. 1746ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில்தான் செத்தது, அமைச்சகங்களின் மனத்தில் சாகவில்லை என்பதற்கு வேறு சான்று எதற்கு? 1999 முதல் கால் நூற்றாண்டு கம்ரியில் ஆட்சி நடத்தியது தொழிற்கட்சி. 2024இல் இலண்டனிலும் அக்கட்சியே ஆட்சிக்கு வந்தது. அப்பொழுதும் கடற்படுகையும் காவல்துறையும் வரவில்லை. தில்லியிலும் சென்னையிலும் ஒரே கட்சி ஆண்டால் எல்லாம் கிடைக்கும் என்று சொல்லக் கேட்ட தமிழர்க்கு இது புதிதன்று.

கொடுத்ததும் உறுதியானதா? தன்னாட்சி மன்றங்களின் இசைவின்றி அவற்றின் துறைகளில் இலண்டன் இயல்பாகச் சட்டம் இயற்றாது என்பது ஒரு மரபு. 2017இல் உச்ச முறைமன்றம் அது வெறும் அரசியல் மரபே, முறைமன்றத்தால் நிலைநாட்டத் தக்கதன்று என்று கூறிவிட்டது. 2020இல் உள்நாட்டுச் சந்தைச் சட்டத்திற்குக் கம்ரியும் சுகாட்லாந்தும் இசைவு மறுத்தன. இலண்டன் அதனை இயற்றியே விட்டது. 2022 நவம்பரில், விடுதலை பற்றிய வாக்கெடுப்பைச் சுகாட்லாந்து மன்றம் தானாக நடத்த இயலாது என்று அதே முறைமன்றம் தீர்ப்பளித்தது. 2014 வாக்கெடுப்பில் 45 விழுக்காட்டினர் பிரிவை வேண்டிய நாடு அது. தன் விருப்பத்தைத் தன் மக்களிடம் கேட்டறியவும் அடுத்த வீட்டுக்காரனின் ஒப்புதல் வேண்டுமாம்!

இவ்வாட்சி முறை பிரித்தானியத் தீவோடு நிற்கவில்லை என்பதை இங்குள்ளோர் கருதுதல் வேண்டும். இந்திய அரசமைப்பின் பெரும்பகுதி, இலண்டன் நாடாளுமன்றம் 1935இல் இயற்றிய சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. மாநில அரசைக் கலைக்கும் விதிக்கு வித்து அச்சட்டத்தின் 93ஆம் பிரிவு. ஈழ மண்ணிலோ, சோல்பரி அரசமைப்பின் வழி ஒற்றையாட்சியைச் சிங்களர் கையில் கொடுத்துச் சென்றனர். சிறுபான்மையினர்க்குக் காப்பு என்று அதில் வைத்த 29ஆம் பிரிவு, 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபொழுதும் காக்கவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆனபொழுதும் காக்கவில்லை. 1972இல் அப்பிரிவே இல்லாமற் போயிற்று.

கம்ரி மக்களின் குறையையும் மறைத்தல் நேர்மையன்று. 2017இல் அவர்தம் அரசு, 2050க்குள் பத்து இலக்கம் பேர் கம்ரி பேசவேண்டும் என்று இலக்கு வைத்தது. 2001இல் 20.8 விழுக்காடாக ஏறியிருந்த கணக்கோ, 2021இல் 17.8 ஆக இறங்கியது. ஏறத்தாழ 5,38,000 பேர். ஐந்து முதல் பதினைந்து அகவைப் பிள்ளைகளிடையே, பத்தாண்டில் 40.3இலிருந்து 34.3 ஆகச் சரிந்தது. ஆட்சிமொழி என்று சட்டம் செய்த பின்னர் நேர்ந்த சரிவு இது. பள்ளியில் கற்ற மொழியைத் தெருவிலும் கடையிலும் வேலையிடத்திலும் பேச வாய்ப்பில்லையேல் அது பாட நூலோடு மூடப்பட்டுவிடும். 2025இல் இயற்றப்பட்ட மொழி, கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளும் கம்ரியில் தாமே பேசவல்லராய்ப் பள்ளியை விட்டு வெளிவருதல் வேண்டும் என்று நோக்கம் கூறுகின்றது. ஆசிரியர் போதிய அளவு இல்லை என்பது அங்குள்ள பெருங்கவலை.

இன்னொன்று, நிலம். குவினெத் போன்ற கம்ரி பேசும் மேற்குப் பகுதிகளில், கோடையில் நான்கு கிழமை வந்து தங்கப் பணம் படைத்தோர் வீடு வாங்கிக் குவிக்கின்றனர். விலை ஏற, ஊரில் பிறந்த இளைஞன் ஊரைவிட்டுப் போகின்றான். குளிர்காலத்தில் விளக்கெரியாத தெருக்கள், பிள்ளையில்லாப் பள்ளிகள். 2023 ஏப்பிரல் முதல் இரண்டாம் வீடுகட்கு மும்மடங்கு வரையில் கூடுதல் வரி இட ஊராட்சிகட்குக் கம்ரி அரசு உரிமை தந்தது. குவினெத் ஒன்றரை மடங்கு கூடுதல் வரி இட்டது. இதனை 'ஆங்கிலேயர் மீது காழ்ப்பு' என்று கூறுவாருளர். வாழ வீடின்றி நிற்பவன் வீடு கேட்பது காழ்ப்பாயின், ஒருவனுக்கு இரண்டு வீடு என்பதற்கு என்ன பெயர்?

சொல்லாக்கத்தில் அவர்கள் காட்டும் மானம் தனித்தமிழ் அன்பர்க்கு உவகையளிக்கும். காவல்துறைக்கு அவர்கள் இட்ட பெயர் 'எத்லி'. 'அமைதிப் படை' என்பது பொருள். குளிர்பெட்டியைத் 'தண்ணறை' என்னும் பொருளில் தம் சொல்லால் குறிக்கின்றனர். எண்ணுதல் என்னும் வேரிலிருந்து கணிப்பொறிக்குப் பெயர் படைத்தனர். ஐந்தரை நூறாயிரம் பேருங்கூடப் பேசாத மொழி இது. எட்டுக்கோடிப் பேர் பேசும் தமிழில் சொல்லில்லை என்பார் இவற்றையும் கேட்கட்டும்.

எவான்சு உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற அத்தொலைக்காட்சி இன்றும் நடைபெறுகின்றது. ஆனால் ஒளிபரப்புத் துறை செனெத்தின் கையில் இல்லை. 2010இல் அதற்குரிய அரசுப் பணத்தைப் பெரிதும் வெட்டி, உரிமக் கட்டணத்தின் தலையில் ஏற்ற முடிவு செய்தவர் இலண்டன் அமைச்சர். 2022 முதல் அதற்குரிய பொதுப்பணம் முழுவதும் அக்கட்டணத்திலிருந்தே வருகின்றது. அதன் அளவை ஒவ்வொரு முறையும் வரையறுப்பவரும் இலண்டனில் உள்ள அமைச்சரே. கம்ரி மொழி தெரிந்திருத்தல் வேண்டும் என்று அவ்வமைச்சருக்கு எவ்விதியும் இல்லை.